ஆன்டெனா மேல் பாடியவன்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பெண் கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

காலிங் பெல்லை அழுத்தியிருக்கிறாள். காத்திருந்திருக்கிறாள். மறுபடி அழுத்தியிருக்கிறாள். உள்ளே நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நான் நடப்பதுதான் உங்களுக்குத் தெரியுமே! இந்தப் பத்தியைக்கூட ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியதில்லை. ஒரு பாரா எழுதுவேன், எழுந்து போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன், திரும்பி வந்து அடுத்த பாரா. இதைப் படிக்கும்போது நடுவில் எங்காவது இடித்தால், அங்கே நான் எழுந்து போயிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். உஷா. எங்கள் வங்கிக் கிளையில் கிளார்க். நான் அங்கே மேனேஜர். முகமெல்லாம் வியர்வை.

"பெல் அடிச்சேன் மேடம்... யாரும் வரலை. ஆனா உள்ள யாரோ நடக்கற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தது."

"அந்த பெல் அடிச்சு பத்து வருஷம் ஆச்சும்மா. போர்டைப் பார்க்கலையா?"

பார்க்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் தகரப் பலகையில் 'மணி அடிக்காது. கூப்பிடவும்' என்று என் கணவர் பெயின்ட்டில் எழுதியது மங்கிப்போய், இப்போது 'மணி', 'கூப்' இரண்டும்தான் தெரிகிறது.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக ஹாலில் நின்றாள். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எனக்குப் போட்டியாக இன்னொருத்தியா?

"மேடம்... எனக்கு ப்ரமோஷன் ஆர்டர் வந்திருக்கு."

"அடடே! சந்தோஷம்."

"இல்ல மேடம், வேண்டாம்னு எழுதிக் கொடுக்கணும். அதுக்கு ஒரு ஃபார்மட் இருக்காமே. உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க."

இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல முடியாது. என் பீரோவில், மகள் ஜெனியின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடியில், மடிப்புக் கிழிந்த அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

வங்கி வேலையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளார்க்காக இருப்பவர் பரீட்சை எழுதி ஆபீசர் ஆகலாம். ஆனால் முதல் போஸ்டிங் தூரத்தில், பெரும்பாலும் வேறு மாநிலத்தில் ஒரு கிராமக் கிளையில். ஆர்டர் கையில் கிடைத்ததிலிருந்து பதினான்கு நாள் கெடு. அதற்குள் சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை வேண்டாம் என்றால் அப்புறம் பல வருஷத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் நான் கிளார்க்காக இருந்த கிளையில், டைப்பிஸ்ட் மேஜையின் இரண்டாவது டிராயரில் ஒரு மறுப்புக் கடிதம் தயாராகவே இருக்கும். யாரோ ஒரு அக்கா எப்போதோ எழுதியது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று நல்ல இங்கிலீஷில் நாலு வரி. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். ஒருத்தி கேட்டால் டைப்பிஸ்ட் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கார்பன் வைத்து அடித்துக் கொடுத்துவிடுவாள். பெண்கள் மட்டுமே கேட்டு வாங்கிய கடிதம் அது. எந்த ஆணும் கேட்டு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு ஆர்டர் வந்த அன்றே நானும் ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போஸ்டிங், ஆந்திராவில் கடப்பா பக்கம் ஒரு ஊர். குறைந்தது இரண்டு வருஷம். வீடு, சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர். மகள் ஜெனிக்கு நாலு வயது, எல்.கே.ஜி.

என் கணவர் டேனியல் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். சபையில் பாடகர் குழுவில் டெனார், அதாவது ஆண்களில் உச்சக் குரல். அது லெந்து என்கிற தவக்காலம். ஈஸ்டருக்கான பாடல்களை வீடு முழுக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். குளிக்கும்போது பாட்டு, ஷேவ் செய்யும்போது பாட்டு, பூரிக்கு மாவு பிசையச் சொன்னால் மாவு அப்படியே இருக்கும், பாட்டு மட்டும் பிசைந்து முடிந்திருக்கும்.

"இந்த மனுஷனை நம்பி குழந்தையை விட்டுட்டுப் போக முடியுமா?" என்று தினமும் காலை எட்டு பத்து ரயிலில் என்னையே கேட்டுக்கொண்டேன். தாம்பரத்தில் ஆரம்பிக்கும் கேள்வி பீச் வரை வரும். லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போனேன். சானடோரியத்தில் 'போகலாம்' என்று தோன்றும், பல்லாவரத்தில் 'கூடாது' என்று தோன்றும். மாம்பலத்தில் மறுபடி போகலாம். சாயங்காலம் அதே ஸ்டேஷன்கள், தலைகீழாக.

எனக்குப் போக ஆசை இருந்தது. அதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசை இருந்ததால்தான் அத்தனை அவஸ்தை. குழந்தையை விட்டுப் போக ஆசைப்படுகிறவள் என்ன அம்மா என்று ஒரு குரல் உள்ளே பிடுங்கிக்கொண்டே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வாசலில் ஒரு கூடு வந்தது.

வாசல் கூரையிலிருந்து காலிங் பெல்லுக்குப் போகும் ஒயர் ஒரு இடத்தில் தொய்ந்து தொங்கும். அந்தத் தொய்வில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. பார்த்தால் கூடு என்றே தோன்றாது. ஒட்டடை, மரப்பட்டைத் தூள், நூல் பிசிறு எல்லாம் சேர்ந்து குப்பை தொங்குவது போலிருக்கும். துடைப்பத்தால் தட்டப் போனேன். பக்கத்தில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஊசி போல ஒரு அலகு எட்டிப் பார்த்தது. நல்லவேளை, கை நின்றது.

பெல் அடித்தால் ஒயர் அதிரும் என்று டேனியல் அன்றைக்கே இணைப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தகரப் பலகையை எழுதி மாட்டினார். பாடிக்கொண்டேதான்.

நான் அந்தக் கூட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு எதைப் பார்த்தாலும் கடப்பா தெரிந்தது. காலையில் கிளம்புமுன் பத்து நிமிஷம், சாயங்காலம் வந்ததும் பத்து நிமிஷம். வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே பார்ப்பேன். பெண் சிட்டு உள்ளே அடைகாக்கும். ஆண் சிட்டு? எங்கள் டி.வி. ஆன்டெனாவின் உச்சிக் கம்பியில் உட்கார்ந்து பாடும். கருகருவென்று இருக்கும், வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும். சீவிட் சீவிட் என்று ஊரையே கூட்டும். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனாலும் நிறுத்தாது. கூட்டுப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காது.

"பாருங்க உங்க ஆளை! பொண்டாட்டி உள்ள வேகுது, இவருக்குக் கச்சேரி!" என்றேன் டேனியலிடம்.

"குரல் நல்லா இருக்கே" என்றார்.

எங்கள் கேஷியர் ராகவன் சாருக்குப் பறவைப் பைத்தியம். ஞாயிறு தோறும் பைனாகுலரோடு பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிற ஆள். ஏழாவது நாள், மதியச் சாப்பாட்டு வேளையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆண் எப்படி இருக்கு?"

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் கறுப்பு சார். மின்னற கறுப்பு."

"அப்ப ஊதாத் தேன்சிட்டு. பெண்ணுக்குத் தொண்டை என்ன கலர்?"

"தொண்டையா?"

"ஆமா. மஞ்சளா, வெள்ளையா? அதுலதாம்மா இருக்கு விஷயம். நம்ம பக்கம் ரெண்டு தேன்சிட்டு சகஜம். ஊதாத் தேன்சிட்டு ஒண்ணு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒண்ணு. அக்கா தங்கச்சி பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஒரே அளவு, ஒரே பூ, ஒரே மாதிரி தொங்கற கூடு. ஆண்களைப் பார்த்தா சுலபமாச் சொல்லிடலாம். ஒண்ணு முழுக் கறுப்பு. இன்னொண்ணுக்கு வயிறு மஞ்சள், முதுகு அரக்கு, வால் தொடங்கற இடத்துல ஊதா. பெண்கள்தான் ஏமாத்தும். ஊதாவோட பெண்ணுக்குத் தொண்டையிலேர்ந்து வயிறு வரைக்கும் மஞ்சள். மத்ததுக்குத் தொண்டை மட்டும் வெள்ளை."

"மஞ்சள்தான் சார்" என்றேன்.

நான் பார்க்கவே இல்லை. தொண்டையைப் பார்க்க ஒரு நிமிஷமாவது ஒரு இடத்தில் நிற்க வேண்டாமா? ஆனால் எனக்கு உடனே பதில் வேண்டியிருந்தது. ஏதோ ஒரு பதில்.

"அப்ப சரி" என்று மேஜையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இதுல பெண்தான் அடைகாக்கும். ஆண் உட்காராது."

"என்னதான் பண்ணும்?"

"பாடும்."

"பாடும்?"

"நல்லாப் பாடும்மா."

அவ்வளவுதான். எனக்கு வேண்டிய தீர்ப்பு கிடைத்துவிட்டது. புத்தகத்திலேயே போட்டிருக்கிறது! அன்று மத்தியானமே கடிதத்தில் பெயரை நிரப்பினேன். கையெழுத்தும் போட்டேன். தேதி மட்டும் பாக்கி. கெடு முடிய இன்னும் ஏழு நாள் இருந்தது. அப்போதே கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? தெரியவில்லை. பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் என் எரிச்சல் அதிகமானது. டேனியல் வெண்டைக்காயை முற்றலாக வாங்கி வந்தார் என்று ஒரு நாள் கத்தினேன். ஜெனிக்குச் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுவிட்டார் என்று ஒரு நாள். அவர் பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒன்பதாவது நாளோ என்னவோ, படுக்கையறை ஜன்னல் கம்பியில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்ததைப் பார்த்தேன். மூன்று பிரியாகப் பிரித்து நீளமாகப் பின்னி, முனையில் ஜெனியின் சிவப்பு ரிப்பன். குழந்தை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். நாலு வயதுக் குழந்தைக்கு அப்படிப் பின்ன வருமா என்று யோசிக்கவில்லை. யோசிக்க நின்றால்தானே?

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. வங்கி அரை நாள்தான். திங்கட்கிழமை கெடு முடிகிறது. கணக்கு முடித்துக் கிளம்பித் தாம்பரத்தில் இறங்கும்போது மணி நாலு; வேகவேகமாக நடந்து வந்தேன். இரும்புலியூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறக்கும் வரை கம்பியைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

வீட்டு வாசலுக்கு வந்தால் ஆன்டெனா மேல் கச்சேரி களைகட்டியிருந்தது. கூட்டுக்குள்ளே கீச்... கீச்... என்று நூல் போல ஒரு சத்தம். குஞ்சு பொரித்துவிட்டது! பெண் சிட்டு வந்தது, வாயில் எதையோ ஊட்டியது, பறந்தது. கறுப்பன் அசையவில்லை.

எனக்கு வந்ததே கோபம். தெருவில் நின்று அண்ணாந்து, "வெட்கங்கெட்ட ஜென்மம்! பெத்தாச்சு, ஒரு வாய் ஊட்டினா குறைஞ்சா போயிடுவே?" என்று சத்தமாகவே திட்டினேன்.

"யார்மேல இம்மாங் கோவம்?"

எதிர்வீட்டு பாக்கியம் அக்கா. செங்கல், மணல் வியாபாரம் செய்கிற குடும்பம். எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் மாமனாரின் நெல் வயல். ஸ்கூல் விட்டதும் ஜெனி அவர் வீட்டில்தான் இருப்பாள், டேனியல் ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை.

"அந்தக் கறுப்பனைத்தான் அக்கா சொல்றேன். குஞ்சு கத்துது, அப்பன்காரன் பாட்டுப் பாடறான்."

பாக்கியம் அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் ஆடியது.

"இன்னா பேங்க்கம்மா, இவ்ளோ படிச்சுகினு... அவன் எதுக்கு உன் வூட்டுக் குஞ்சுக்கு ஊட்டணும்? அவன் வேற ஆளு. அவன் வூடு என் செம்பருத்திச் செடில கீது. அவன் பொண்டாட்டி அங்க அடை காத்துகினு கீறா."

"அப்ப இந்தக் கூட்டோட ஆண்?"

"தோ, முருங்க மரத்தாண்ட பாரு. மஞ்ச வயிறு. அவந்தான் உன் வூட்டுக்காரன்."

பார்த்தேன். முருங்கைப் பூவுக்குப் பின்னால் சின்னதாக ஒருவன். மஞ்சள் வயிறு, அரக்கு முதுகு. சத்தமே இல்லை. வாயில் ஒரு குட்டிச் சிலந்தி.

"இவனை நான் பார்த்ததே இல்லையே அக்கா!"

"எப்டிப் பாப்ப? வாசல்ல வந்தா இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்கன்னு நடந்துகினே கீற. நீ நடந்தா அவன் கிட்ட வருவானா? பயப்படறான். நீ ரயிலுக்குப் போன பொறவு பாரு, நாள் பூரா வந்து போய்கினு கீறான். குஞ்சு பொரிக்கறதுக்கு மின்ன உள்ள பூந்துகூடக் குந்திப்பான். கொஞ்சம் சும்மா நில்லேன் ஒரு தபா."

நின்றேன். அவர் வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டியபடி, அசையாமல். கால் துடித்தது. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... பெண் சிட்டு மறுபடி வந்தது. இந்தத் தடவை தொண்டையைப் பார்த்தேன். வெள்ளை. சுண்ணாம்பு தடவியது போலப் பளிச்சென்று வெள்ளை.

அது போனதும் முருங்கை மரத்திலிருந்து மஞ்சள் வயிற்றுக்காரன் விர்ரென்று வந்தான். கூட்டின் ஓட்டையில் தொற்றிக்கொண்டு சிலந்தியை ஊட்டினான். திரும்பி இரண்டு பக்கமும் பார்த்தான். போய்விட்டான். மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

பத்து நாளாக நான் வேறொரு வீட்டு ஆணைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டு ஆணைத் திட்டியிருக்கிறேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். ஏன் சத்தமில்லாமல் போனேன் என்று எனக்கே தெரியாது. படுக்கையறை வாசலில் நின்றேன்.

டேனியல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் முக்காலியில் ஜெனி. அவர் வாயில் சீப்பு. சீப்பைக் கடித்தபடியே டெனார் பாட்டை முனகிக்கொண்டு, குழந்தையின் தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு பின்னல் முடிந்து தொங்கியது. வகிடு கோணல். அந்தப் பின்னல் காதுக்கு ரொம்ப மேலே ஏறியிருந்தது. ஆனால் பின்னல், பின்னல்தான்.

"அப்பா, வலிக்குது!"

"கடைசி ரெண்டு சுத்துடா. அம்மா வர்றதுக்குள்ள பிரிச்சுடணும்."

"ஏன்பா பிரிக்கணும்?"

"இன்னும் சரியா வரலையே."

தினமும் காலையில் ஜெனிக்கு ரெட்டைப் பின்னல் போடுவது நான்தான். ஸ்கூலில் ரெட்டைப் பின்னல் இல்லாமல் விடமாட்டார்கள். போகக்கூடாது என்பதற்கு நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த பட்டியலில் முதலில் இருந்தது அதுதான். அவரிடம் சொன்னதில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்?

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனிதான் முதலில் பார்த்தாள். "அம்மா!" என்று எழுந்து ஓடி வந்ததில் பாதிப் பின்னல் அவர் கையிலேயே அவிழ்ந்துபோனது.

டேனியல் சீப்பை வாயிலிருந்து எடுத்தார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி முழித்தார்.

"எத்தனை நாளா இது நடக்குது?" என்றேன்.

"உனக்கு ஆர்டர் வந்த மறுநாளிலேர்ந்து. முதல்ல சணல்ல பழகினேன். சணல் அழாது."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது, எஸ்தர்? நான் பார்த்துக்கறேன், போன்னு சொன்னா உன்னை அனுப்பி வைக்கற மாதிரி இருக்கும். போகாதேன்னா தடுக்கற மாதிரி இருக்கும். நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கலை. அதான் பாடிக்கிட்டு இருந்தேன்."

நான் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு நாளில் நான் ரயிலைக் கேட்டேன். ராகவன் சாரைக் கேட்டேன். புத்தகத்தைக் கேட்டேன். அரை விரல் நீளக் கறுப்புப் பறவையைக் கேட்டேன். ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷரிடம், "நான் போனா நீங்க பார்த்துப்பீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டால் 'ம்ஹூம்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயமா? இல்லை, 'சரி' என்று சொல்லிவிடுவாரோ என்றா? இரண்டும்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அவர் மூன்றரைக்கு வந்து, நான் ஆறு மணிக்கு வரும்வரை, தினமும் குழந்தையோடு இருக்கிறாரே, அதற்குப் பெயர் என்ன? அதை நான் 'பார்த்துக்கொள்வது' என்று கணக்கில் சேர்த்ததே இல்லை. நான் பார்க்காத நேரத்தில் நடப்பது எனக்கு நடக்காத மாதிரி.

மறுநாள் கோயிலிலிருந்து வந்ததும் ஒரு வேலை செய்தேன். பாக்கியம் அக்கா வீட்டுச் செம்பருத்திச் செடிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இருப்புக்கொள்ளவில்லைதான். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டிச் சமாளித்தேன். அங்கேயும் அன்று குஞ்சு பொரித்திருந்தது. கறுப்பன் வந்தான். வாயில் பச்சைப் புழு. ஊட்டினான், போய் ஆன்டெனாவில் உட்கார்ந்து பாடினான். மறுபடி வந்து ஊட்டினான். அவன் அடைகாக்காததும் உண்மை, ஊட்டியதும் உண்மை. புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் அதுவும் இருந்திருக்கும். நான் ஒரு வரியோடு எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, இரண்டு பேரையும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவன் பாடாததால் என் கண்ணில் படவில்லை. இன்னொருவன் பாடியதால் அவன் வேலை என் கண்ணில் படவில்லை.

"பத்து நாளா அடுத்த வீட்டுக்காரனுக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் நான் வாங்கியிருக்கேன். அவனுக்கும் நியாயமா விழ வேண்டியதில்லையாம்!" என்று டேனியல் வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டினார். இன்னும் காட்டுகிறார்.

திங்கட்கிழமை சம்மதக் கடிதம் கொடுத்தேன். அதற்கு டிராயரில் ஃபார்மட் கிடையாது. நானே எழுத வேண்டியிருந்தது. நாலு தடவை அடித்துத் திருத்தினேன். ராகவன் சாரிடம் தொண்டை விஷயத்தையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்மா. உண்மையாப் பார்த்தவங்க கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லுவாங்க. நீங்க டக்குனு சொன்னீங்க."

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். கடப்பா பக்கத்து அந்த ஊரில் முதல் மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் ஜெனி "எப்பம்மா வருவே?" என்று கேட்டபோது போனை வைத்துவிட்டு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே நின்று அழுதிருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ஓடி ஓடி வந்தேன். ஒரு தடவை வந்தபோது கூடு காலி. ஒயரை அப்படியே விட்டிருந்தார் டேனியல். அடுத்த வருஷமும் வந்தார்கள், அதற்கடுத்த வருஷமும். அதனால்தான் எங்கள் வீட்டு மணி இன்றுவரை அடிப்பதில்லை.

ஜெனிக்கு இப்போது பதினாலு வயது. போன மாதம் மெல்லக் கேட்டேன், "நான் அங்க இருந்த ரெண்டு வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா. அப்பா ஜடையை இழுத்து இழுத்துக் கட்டுவாரே, அந்த வலிதான் ஞாபகம் இருக்கு."

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. எவ்வளவு அழுதேன், ஒன்றுமே ஞாபகம் இல்லையாமே!

உஷாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். காபி ஆறிவிட்டிருந்தது. அவளுக்குக் கணவர், ஆறு வயதில் ஒரு மகன். பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கேட்டு வந்ததைக் கொடுக்காமல் இருக்க நான் யார்? அவள் வீட்டு நிலைமை அவளுக்குத்தான் தெரியும். என் கதை அவள் கதை ஆகிவிடாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேறு இனமாக இருக்கலாம்.

வாசல் வரை போய் ஒன்று மட்டும் கேட்டேன்.

"கேட்டியா?"

"யாரை மேடம்?"

ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "வர்றேன் மேடம்" என்று கிளம்பிவிட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனை வரை வேகமாகப் போனவள், அங்கே இருக்கும் மஞ்சள் பி.சி.ஓ. பூத்துக்கு முன்னால் தயங்கினாள். உள்ளே போனாள். டயல் செய்தாள். பேசினாள்... அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் மடித்த அந்தத் தாள். துளிகூட அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இங்கே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தது நான்தான்!